மழை இல்லை என்று சொன்ன கம்பம்

அந்தக் கம்பத்துக்கு நாங்கள் மாலை போட்டோம். சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தோம். நான் பாடசாலையின் பொறுப்பாசிரியை என்பதால் தேங்காயை உடைக்கச் சொல்லி என் கையில்தான் கொடுத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் கையைக் கழுவத் தோன்றுகிறது.

பதுளையிலிருந்து பசறை போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தோட்டத்து ரோட்டில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் பாடசாலை வரும். ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரு நீளமான தகரக் கூரைக் கட்டடம், முன்னால் சின்ன மைதானம், பக்கத்தில் இரண்டு சவுக்கு மரங்கள். பாடசாலைக்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே, மலைச்சரிவில் ஒட்டினாற்போல், தொழிலாளர்கள் இருக்கிற வரிசை வீடான மேல் லயம். பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். நானும் அதே தோட்டத்தில், கீழ் லயத்தில் பிறந்தவள்தான். படித்து, வேலை கிடைத்த பிறகு பதுளையில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டேன்.

மைதானத்து ஓரத்தில், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் நட்ட அந்தக் கம்பம் ஒரு மழைமானி. உச்சியில் வெள்ளைப் புனல். புனலில் விழும் மழையை ஒரு பெட்டி அளந்து, தானாகவே பதுளையில் உள்ள அலுவலகத்துக்கு அனுப்பும். மழை கூடினால் மண் சரியும் அபாயத்தைத் தானே கணக்குப் போட்டு, கம்பத்தில் இருக்கிற மூன்று விளக்குகளில் ஒன்றை எரியவிடும். பச்சை எரிந்தால் வீட்டில் இருக்கலாம். மஞ்சளுக்குச் சாமான்களைக் கட்டி வைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் சைரனும் ஊதும், எல்லாரும் இறங்கிப் பாடசாலைக்கு வந்துவிட வேண்டும்.

திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி சிங்களத்தில் பேசினார். நான்தான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். "இனிமேல் மழை வந்தா நீங்க யோசிச்சுக்கிட்டு இருக்கத் தேவையில்ல. உங்களுக்குப் பதிலா இது யோசிக்கும்." அவருடைய வார்த்தையை அப்படியே சொன்னேன். ஜனங்கள் கை தட்டினார்கள். கம்பத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டும் போட்டார்கள். சாவி தோட்டத்து ஒப்பீஸில். வேலியில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: தொடக் கூடாது.

அதற்கு முன்னால் மேல் லயத்து ஆட்கள் தாங்களாகவே பார்த்துத்தான் வெளியேறுவார்கள். ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ, நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று நிலையில் சிக்கினாலோ, வாசலில் மயிர் போல ஒரு வெடிப்பு தெரிந்தாலோ, யாராவது ஒருத்தர் "போவோம்" என்பார். சில தடவை வீணாக ஓடி வந்திருக்கிறார்கள். சில தடவை சண்டை வரும். ஒருத்தர் போவோம் என்பார், இன்னொருத்தர் வேண்டாம் என்பார். ஆனால் அந்தச் சண்டையில் எல்லாரும் மலையைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கம்பம் முதல் வருஷம் நன்றாகவே வேலை செய்தது. ஒரு மத்தியானம் சைரன் ஊதியது. ஆட்கள் இறங்கி வந்து ஒரு மணி நேரத்துக்குள் லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலை ஒரு துண்டாக வழுக்கிக்கொண்டு வந்து, கோழிக்கூடு இரண்டைப் புதைத்துவிட்டு நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஒரு பெரியவர் வேலிக்கு வெளியே நின்று கம்பத்தைக் கும்பிட்டார். நான் அதைப் போனில் படம் பிடித்து மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பினேன். பிள்ளைகளுக்கு மூன்று நிறங்களையும் வைத்து ஒரு பாட்டுக் கட்டிச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ப் பாடினார்கள். மலையைப் பார்க்கிற பழக்கம் எப்படிக் கழன்று போனது என்று யாராவது கேட்டால், அதில் என் பாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

தோட்ட நிர்வாகத்துக்கும் அந்த விளக்கு வசதியாகிவிட்டது. சிவப்பு எரிந்தால் வேலை இல்லை. எரியாவிட்டால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். "ஊத்து கலங்கியிருக்கு ஐயா" என்று யாராவது சொன்னால், "லைட்டு என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான் பேச்சு.

நான் சொல்ல வந்தது மூன்றாம் வருஷத்து மழையைப் பற்றி. 

திங்கட்கிழமை காலையில் சிவப்பு எரிந்தது. மேல் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் பாடசாலைக்கு வந்தார்கள். அவர்களில் எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைக்கிற அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவரை நான் அண்ணன் என்பேன், தொழிற்சாலையில் வேலை செய்தவர். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து போனதால் வீட்டோடு இருந்தார். அவரை நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவர் "மெதுவா மெதுவா, நா என்ன தேயிலை மூட்டையா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். 

ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம். மலசலகூடம் இரண்டு. அதுவும் பிள்ளைகளுக்கென்று கட்டிய சின்னது. செவ்வாய்க்கிழமை மத்தியானமே இரண்டும் நிரம்பி வழிந்தன. மழைத்தண்ணீரோடு சேர்ந்து அந்த அழுக்கு மூன்றாம் வகுப்பு வாசல் வரைக்கும் வந்தது. ஈரக் கம்பளி, குழந்தை எடுத்த வாந்தி, அட்டை கடித்த கால்களுக்குப் பூசிய சுண்ணாம்பு, எல்லாம் கலந்து ஒரு வாடை. வெலிமடைப் பக்கம் இருந்து யாரோ நல்ல மனதுக்காரர்கள் ஒரு லொறி லீக்ஸும் கரட்டும் அனுப்பியிருந்தார்கள். பாதை அடைபட்டதால் வேறு எதுவும் வரவில்லை. மூன்று நாளும் லீக்ஸ்தான். மிச்சம் மூலையில் அழுகி நாறியது. எனக்கும் பதுளைக்குத் திரும்ப வழியில்லை. மூன்று இரவு பாடசாலை ஒப்பீஸ் அறை மேசைமேல் படுத்தேன். வெளியே போனால் அழுக்கை மிதிக்க வேண்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இதை எல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் நான் எப்படிப்பட்ட மனதோடு இருந்தேன் என்பது தெரிய வேண்டும். அந்த ஆட்கள் போய்விட மாட்டார்களா என்று இருந்தது. நான் பிறந்த தோட்டத்து ஆட்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வாடை எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை விளக்கு மஞ்சளுக்கு மாறியிருந்தது. வியாழன் காலை ஆறரைக்குப் பச்சை.

மழை நிற்கவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான். தகரத்தில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் பச்சை எரிந்ததும் ஆட்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மணிக்குத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா போன் எடுத்தார்.

"என்ன டீச்சர், பச்சை வந்திருச்சுல்ல? கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது. ஆட்களை அனுப்புங்க."

"மழை பெய்யுதே ஐயா."

"இந்தக் காலத்துல மழை பெய்யாம வேற என்ன பெய்யும்? மெஷினே சரின்னு சொல்லுது. நீங்களும் நானும் அதைவிடப் பெரிய ஆளா?"

போனை வைத்தபோது அக்கா ஒப்பீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே மேலே போய்த் தன் காம்பராவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சேலை முழங்கால் வரை சேறு.

"டீச்சர், கதவைத் தெறக்கவே முடியல. தோளால இடிச்சுத்தான் தெறந்தேன். இப்ப மூடுதில்ல. பைப்புத் தண்ணி பால் தேத்தண்ணி மாதிரி வருது."

"அக்கா, விளக்கு பச்சையா இருக்கே."

"அதாங்க எனக்கும் ஒண்ணும் வெளங்கல."

எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் வந்தது. பதுளை அலுவலகத்து நம்பருக்கு அழைத்தேன். ஒரு இளைஞர் எடுத்தார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. 

"உங்க மழைமானியில நேத்து காலையில இருந்து மழையே பதிவாகல டீச்சர். சைபர்தான் இருக்கு."

"சைபரா? இங்க பெய்யுதே. ராத்திரி பூரா பெஞ்சுது."

"தூறலா இருக்கும். தூறல் பெருசாப் பதிவாகாது."

நான் போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தேன். "கேக்குதா?"

"கேக்குது டீச்சர். ஆனா எனக்கு முன்னால இருக்கிற ஸ்கிரீன்ல பச்சை. பச்சையா இருக்கும்போது ஆட்களை வச்சிருக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க பாத்து முடிவெடுங்க."

நான் பார்த்தேன். என் முன்னால் மழை பெய்துகொண்டிருந்தது. என் குடை நனைந்து ஒப்பீஸ் மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழைக்கு நடுவில் நின்றுகொண்டு, மழை இல்லை என்று ஒரு பெட்டி சொன்னதை நான் நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. அது எனக்குத் தோதாக இருந்தது. பச்சை என்பது எனக்கு என் வகுப்பறை, என் வீடு, குளிக்க வெந்நீர்.

அக்கா இன்னும் வாசலிலேயே நின்றார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். போகவா, இருக்கவா?"

"பதுளையில கேட்டுட்டேன் அக்கா. சைபர்னு சொல்றாங்க. பச்சைதானே எரியுது, போங்க."

அவர் தலையாட்டினார். படித்தவள் சொல்கிறாள், பதுளையில் கேட்டுச் சொல்கிறாள் என்று அந்த மனுஷி கேட்டுக்கொண்டார். தன் தோளால் இடித்துத் திறந்த கதவை விட என் வாய் அவருக்குப் பெரிதாகப் பட்டது. 

எட்டு மணிக்குள் எல்லாரும் ஏறிப் போனார்கள். அண்ணனைப் பழையபடி கதிரையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் அங்கிருந்து அப்படியே பெரட்டுக்குப் போனார்கள். அக்கா கணவரைப் படுக்க வைத்துவிட்டு, அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, ஒன்பதரைக்குத் திரும்பவும் பாடசாலைக்கு வந்தார். திங்கட்கிழமை பாடசாலை தொடங்க வேண்டும், அதற்குள் கழுவ வேண்டுமே. நாங்கள் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாம் வகுப்புத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். நான் பினைலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு ஊற்றியும் போதவில்லை எனக்கு.

பத்தரை இருக்கும். மேலே பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். அக்கா தும்புத்தடியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார். அப்புறம் மரங்கள் முறிகிற சத்தம். நாங்கள் வெளியே ஓடி வந்து பார்த்தபோது மேல் லயத்தின் பாதி இருந்தது, பாதி இல்லை. இல்லாத இடத்தில் சிவந்த மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது, கஞ்சி வழிகிற மாதிரி.

தும்புத்தடியைப் போட்டுவிட்டு அக்கா ஓட ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். ஓடும்போது வேலிப் பக்கமாகத்தான் போனோம். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஆட்கள் வேலைக்குப் போயிருந்ததால் பலர் தப்பினார்கள். அண்ணன் தப்பவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள இருந்த பக்கத்துக் காம்பராப் பெண்ணும் தப்பவில்லை. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னிடம் முதலாம் வகுப்பு படித்தவள். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பேரையும் எடுத்தோம். அண்ணனின் வாய் நிறைய மண். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அந்த மண்ணை வழித்து எடுத்துக்கொண்டே இருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

அன்று பூராவும், மறுநாளும், அந்த விளக்கு பச்சையாகவே எரிந்தது. யாரோ கல்லெறிந்தார்கள். படவில்லை.

மரண விசாரணை எல்லாம் முடிந்து சனிக்கிழமை காலையில் இரண்டு பெட்டிகளையும் பாடசாலை மண்டபத்தில் வைத்தோம். லயத்தில் வைக்க இடம் இல்லையே. அதே நேரத்தில் கம்பத்தைப் பார்க்க ஒரு டெக்னீஷியன் வந்தார். சாவி கொண்டு வந்து கேட்டைத் திறந்தார்கள். ஏணி வைத்து ஏறிப் புனலுக்குள் கையை விட்டு ஒரு கட்டியை எடுத்துக் கீழே போட்டார். சவுக்கு இலை. பறவை எச்சம். நடுவில் மண்குளவி எப்போதோ கட்டிய கூடு. புதன்கிழமைக் காற்றில் உதிர்ந்த இலைகள் அந்தக் கூட்டின் மேல் படிந்து, ஓட்டையை முழுசாக அடைத்துவிட்டன. புனல் நிறையத் தண்ணீர். அழுகிய தண்ணீர். ஒரு சொட்டும் பெட்டிக்குள் போகவில்லை. போகாததால் மழை இல்லை. மழை இல்லாததால் பச்சை.

நான் அந்தக் கட்டியைக் குனிந்து பார்த்தேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு இருக்கும். நாற்றம் தாங்க முடியவில்லை. ஒரு குச்சியால் எந்தப் பிள்ளையும் குத்தி எடுத்திருக்கக்கூடியது. ஆனால் வேலி இருந்தது, பூட்டு இருந்தது, தொடக் கூடாது என்ற பலகை இருந்தது. எங்கள் பாடசாலையில் யாரும் கூட்டிப் பெருக்காத ஒரே இடம் அதுதான்.

டெக்னீஷியன் புனலைத் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க சைரனை ஊத வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் பறை அடித்துக்கொண்டிருந்தது. சைரன் ஊதியதும் பறை நின்றது. ஒரு நொடி எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். கதவு நெருக்கத்தில் ஒரு கிழவி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உள்ளே இரண்டு பெட்டிகளும், பக்கத்தில் அக்காவும் மட்டும். அவர் எழுந்திருக்கவில்லை. 

டெக்னீஷியன் ஏணியில் இருந்தபடி, "டெஸ்ட், டெஸ்ட்" என்று கையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மைதானத்தில் ஓடி ஓடி, சும்மா பரிசோதனை, சும்மா பரிசோதனை என்று சொல்லி ஆட்களைத் திருப்பிக் கூட்டி வந்தேன். அப்போதும் நான் அந்தக் கம்பத்துக்கு மொழிபெயர்ப்பாளராகத்தான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து பதுளையில் விசாரணைக் கூட்டம். நீளமான மேசை. ரோல்ஸும் கேக்கும் வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, எண்ணெய்க் கையோடு தாள்களைப் புரட்டினார். மழைமானிக்குப் பொறுப்பானவர்கள் கருவியில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். உள்ளே வந்த தண்ணீரை அது சரியாகவே அளந்திருக்கிறது, வரவில்லை என்றால் அது என்ன செய்யும் என்றார்கள். துப்புரவு செய்ய வேண்டியது தோட்டம் என்றார்கள். வேலி இருப்பது பாடசாலை வளவில், ஆகவே பாடசாலை என்றது தோட்டம். எங்களிடம் சாவி இல்லை என்றேன் நான். சாவி கேட்டீர்களா என்றார் ரோல்ஸ்காரர். கேட்கவில்லை. அது உண்மை. 

கடைசியில் என் வாக்குமூலம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். சிங்களத்தில் டைப் அடித்திருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "நிலைமை பாதுகாப்பானது எனத் தாமே தீர்மானித்து, பொறுப்பாசிரியை மக்களைத் திருப்பி அனுப்பினார்."

"உங்களுக்குப் பதிலா இது யோசிக்கும்னு சொன்னவங்க யாரு?" என்று கேட்டேன். 

"கருவி ஆலோசனைதான் சொல்லும் மிஸ். இறுதி முடிவு எப்பவும் மனுஷன்ட கையிலதான்" என்றார் ஒருவர். திறப்பு விழாவில் ஆட்கள் கை தட்டியபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தாளில் இருந்தது பொய்யில்லை. ஆட்களைத் திருப்பி அனுப்பியது நான்தான். அவர்கள் எழுதிய விதம்தான் அசிங்கம். எல்லாரும் கை கழுவிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் சேர்த்து என் முன்னால் வைத்தது போல இருந்தது, அதில் என்னுடைய அழுக்கும் இருந்தது.

பேனாவை எடுத்து அந்தத் தாளின் அடியில் தமிழில் எழுதினேன். மழை பெய்தது. நான் கேட்டேன். கதவு மூடவில்லை என்று ஒருவர் சொன்னார். போனில் மழைச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். பச்சை என்றார்கள். எனக்கும் பச்சை வேண்டியிருந்தது. இவ்வளவையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். 

"அதுக்கு இதுல இடமில்ல" என்றார் ரோல்ஸ்காரர்.

"எழுதிட்டேனே" என்றேன்.

அந்தத் தாள் எங்கே போனது என்று தெரியாது. எனக்குத் தண்டனை வரவில்லை. அதைவிட மோசமாக, அனர்த்த நேரத்தில் அர்ப்பணிப்போடு செயற்பட்டதற்காக என்று ஒரு சான்றிதழ் தபாலில் வந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதைச் செய்தபோது ஒரு வீரம் மாதிரி இருந்தது, பத்து நிமிஷம் கழித்து அதுவும் கேவலமாக இருந்தது.

மண் சரிந்து ஒரு மாதத்திலேயே அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். கீழ் லயத்தில் சொந்தக்காரர் காம்பராவில் ஒதுங்கியிருந்தார். நான் சமையல் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை, அழுதேன். அவர் பருப்புப் பானையைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"உங்க மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். இருக்கு. ஆனா அது கொஞ்சம்தான்."

"அக்கா..."

"கதவை இடிச்சுத் தெறந்தது இந்தத் தோளு. கலங்கின தண்ணியப் பாத்தது இந்தக் கண்ணு. அப்புறம் எதுக்கு வந்து ஒங்ககிட்ட கேட்டேன்? எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு டீச்சர். தெரிஞ்சுக்கிட்டே அவரைக் கொண்டு போய்ப் படுக்க வச்சேன். அத நெனச்சா சோறு எறங்குதில்ல. எனக்கே என்னப் புடிக்கல."

அவர் கரண்டியால் ஒரு துளி உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்க நேரமாகிவிட்டது என்றார்.

அடுத்த வருஷம் புதிய கம்பம் ஒன்று வைத்தார்கள். புனலுக்கு மேலே வலை போட்ட நல்ல கருவி, இன்னும் திறமாக யோசிக்குமாம். இப்போதும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். இப்போதும் சிலர் கும்பிட்டார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கண்ணே மழை வந்ததும் முதலில் அங்கேதான் போகிறது. இத்தனைக்குப் பிறகும். அந்தப் பழக்கம் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

போன மழை தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா மேல் லயத்தில் மிஞ்சியிருந்த குடும்பங்களோடு பாடசாலைக்கு வந்தார். அவர்களுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் இன்னும் வரவில்லை, அந்த மிச்சப் பாதியிலேயேதான் இருக்கிறார்கள். அக்கா தானே ஏறிப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டிருக்கிறார். "மண்ணு சரியில்ல டீச்சர். தெறந்து விடுங்க" என்றார். எனக்குக் கேள்வி இருக்கவில்லை. பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு மற்ற வகுப்புகளைத் திறந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் கிளாக்கர் ஐயாவின் போன்.

"என்ன டீச்சர் இது? லைட்டு பச்சையா இருக்கே!"

"இருக்குங்க."

"அப்ப எதுக்கு ஆட்களை உள்ள விட்டீங்க?"

"அவங்க வந்தாங்க. விட்டேன்."

"எப்ப அனுப்புவீங்க?"

"அனுப்ப மாட்டேன் ஐயா. அவங்களா போனாப் போவாங்க."

அவர் ஏதோ கத்தினார். நான் போனை மேசையில் வைத்துவிட்டுப் பாய் எடுக்கப் போனேன்.

அந்த முறை மலை விழவில்லை. மூன்றாம் நாள் இரண்டு குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது. பேர் விழாமல் அந்த நாட்களின் சம்பளம் போனதற்கு அக்காவைத் திட்டினார்கள். "பைத்தியம் புடிச்ச பொம்பள பேச்சக் கேட்டு வந்தோம்" என்று அவர் காதுபடவே ஒருத்தர் சொன்னார். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஐந்தாம் நாள் வரை இருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு நானும் அவரும் வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு கழுவினோம். வாடை அதே வாடைதான். மூக்கைப் பொத்தாமல் கழுவ முயற்சி செய்தேன். பாதி நேரம்தான் என்னால் முடிந்தது.